லோக்கலாகக் கிடைக்கும் தூண்

டோல்கேட்டைத் தாண்டியதும் பையை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டேன். இடது தோள் வீங்கியிருந்தது. நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்தைப் பார்த்து வரிசை கட்டி நின்றன. நான் எதிர்த்திசையில், திருவொற்றியூரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன்.

வேலையை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு எண்ணூர் பக்கம் உப்பளம், காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலை, ஒரு லேத்துப் பட்டறை. எங்கேயும் போகிறேன் என்று சொன்னதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து கை கழுவி, அப்படியே நடந்துவிடுவேன். இந்தத் தடவை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். தோள் வலியும் அந்த வேலையில் கிடைத்ததுதான்.

கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அந்த வலிக்குக் காரணம் உங்களைப் போன்ற ஒரு பெண்ணின் தீசிஸ்.

பிரிக்கிற ஆட்கள்

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் ஆகியிருந்தது. யானைக்கவுனிப் பக்கம் பழைய வீடுகள் போய் மாடிக் கட்டடங்கள் வந்துகொண்டிருந்தன. அந்த வீடுகளைக் கான்ட்ராக்ட் எடுத்து, கதவு, ஜன்னல், தூண், உத்தரம் எல்லாவற்றையும் தண்டையார்பேட்டைக் கடையில் அடுக்கி விற்பவர் காதர் பாய். அவரிடம் கூலிக்குச் சேர்ந்தேன்.

“வீடு இடிக்கிற வேலைதானே?” என்று முதல் நாள் எங்கள் கூட்டத்தை நடத்துகிற டில்லி மேஸ்திரியிடம் கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“இடிக்கறதுக்கு இன்னாத்துக்குபா ஆளு? லாரிய ரிவர்ஸ்ல வுட்டா போதும். நாம பிரிக்கிற ஆளுங்க. இந்த வாயால இன்னொரு தபா இடிக்கறதுன்னு சொன்ன, உன்னியும் பிரிச்சு அடுக்கிடுவேன்.”

பாயின் மகள் நிலோஃபர் கட்டடக்கலை கடைசி வருடம். சாயங்காலம் கல்லூரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்து, அடுக்கி வைத்த ஜன்னல்களுக்கு நடுவே டேப்போடு அலைவாள்.

“அத்தா, ஒரு மரத்த வெட்டாம, ஒரு செங்கல்ல சுடாம வீடு கட்டலாம். பழைய வீட்லேர்ந்து எடுத்துப் புது வீட்ல வைக்கணும். அந்த வீடும் வேணாம்னா மறுபடி பிரிச்சு இன்னொரு வீட்ல வைக்கணும். இதுக்குப் பேரு சஸ்டெயினபிள் டிசைன்.”

பாய் கல்லாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இதுக்குப் பேரு பழைய சாமான் யாபாரம்மா. உங்க தாத்தா காலத்துலேர்ந்து பண்ணிக்கினு கீறோம். காலேஜுல இத்தயா சொல்லித் தராங்க?”

“அப்படின்னா நம்ம புது வீட்டுக்கு மட்டும் ஏன் அலுமினிய ஜன்னல் ஆர்டர் குடுத்தீங்க?”

பாய் அவசரமாக யாரையோ கூப்பிட்டு டீ சொன்னார்.

கடைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் அவள் உண்மையான அளவிலேயே ஓர் அறை கட்டினாள். கட்டியவர்கள் நாங்கள். நாலு மூலைக்கு நாலு மரத்தூண், மேலே உத்தரம், அதன்மேல் ஓடு. சுவருக்குப் பதில் நாலு பக்கமும் பழைய கதவுகள். ஒரு ஆணி கிடையாது. ஒரு மரத்தின் துளையில் இன்னொரு மரத்தின் நாக்குபோலச் செதுக்கிய முனையைச் செருகி, மர ஆப்பு அடித்து இறுக்கியது.

“சோக்கா கீது. ஆனா வூடு முச்சூடும் கதவா கீதே, திருடன் எந்தப் பக்கம் வர்றதுன்னு கொயம்பிட மாட்டான்?” என்றார் டில்லி.

அவள் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் பயம் இருந்தது. அதற்கு முந்தைய ரிவ்யூவில் அவளுடைய சார், “இது வீடா, கதவுக்கடையா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். மிச்சம் இருந்தது கடைசி ஜூரி மட்டும். வெளியிலிருந்து ஒருவர் வந்து அறையை நேரில் பார்த்து மார்க் போடுவார். தவறினால் இன்னொரு வருடம். இன்னொரு வருடத்துக்குப் பாய் ஒத்துக்கொள்ள மாட்டார். கடையில் பில் போட உட்கார வேண்டியதுதான் என்று முன்பே சொல்லிவிட்டார்.

பிரிச்சுக் காட்டணும்

ஜூரிக்கு முதல் நாள் சாயங்காலம் கடை போனில் நிலோஃபர் தோழியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“சார் சாதாரண டிராயிங் போதாதுங்கிறாருடி. எக்ஸ்ப்ளோடட் வியூ வேணுமாம். எல்லாத்தையும் தனித்தனியா பிரிச்சுக் காட்டணுமாம். காலையில ஒன்பதுக்குள்ள எப்படிடீ முடிப்பேன்?”

ஒரு கட்டடத்தின் உறுப்புகளைக் கழற்றி அந்தரத்தில் விட்டதுபோல் தாளில் வரைவதுதான் அது என்று உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. டில்லி மேஸ்திரி போன் பக்கத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். பிரிக்கிற வேலைக்கு அந்தப் பெண் இவ்வளவு கவலைப்படுகிறாளே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை.

விடியும்போதே எங்களை எழுப்பிவிட்டார். “பாப்பா பேஜாராயிட்சு. நாம இருந்துக்கினு அது கஷ்டப்படக் கூடாது, வாங்கடா.”

அவ்வளவு சுத்தமாக நாங்கள் எந்த வீட்டையும் பிரித்ததில்லை. ஆப்பைத் தட்டினோம், ஓடுகளை இறக்கினோம், கதவைக் கழற்றினோம். எல்லாவற்றிலும் சாக்பீஸில் நம்பர் போட்டு வகை வகையாக அடுக்கி, துடைத்தும் வைத்தோம்.

நிலோஃபர் பாதி வரைந்து சுருட்டிய தாள்களோடு வந்தாள். காலி இடத்தைப் பார்த்தாள். அடுக்கைப் பார்த்தாள். டில்லி பெருமையாக, “எல்லாம் பிரிச்சாச்சு பாப்பா. இன்னும் பிரிக்கணும்னா தாப்பாள கயட்டணும், அவ்ளோதான்” என்றார்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். “அண்ணா, அவங்க ஒன்பது மணிக்கு வராங்க. திருப்பி மாட்டுங்க” என்றாள்.

மாட்டினோம். மூன்று தூண் நின்றது. நான்காவதைக் காணோம்.

“அந்த உருட்டுத் தூணா? காசிமேட்டுலேர்ந்து ஒருத்தர் வந்து கேட்டாரு. அடுக்குல கெடந்துது, குடுத்துட்டேன்” என்றார் பாய். “உன்னுதுன்னு அதுல எய்தியா வச்சிருக்கு? நல்ல பர்மா தேக்கும்மா. நிமிசத்துல வண்டி ஏறிடுச்சு.”

கடையில் இருந்த மற்றத் தூண்கள் எல்லாம் குட்டை. எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் உயரமானவன் நான்தான்.

நான்காவது தூண்

ஒரு படிக்கல்லின் மேல் ஏற்றி, தோளில் துண்டை மடித்துப் போட்டு, உத்தரத்தின் முனையை வைத்தார்கள். அந்த மூலைக்கு மட்டும் ஓடு ஏற்றவில்லை. இருந்தாலும் மரம் மரம்தான்.

வந்தவர் வயதானவர். தொப்பி, தோள்பை. நிலோஃபரின் சார் பின்னால் நின்றார். பெரியவர் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினார். ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்தார். நான்காவதற்கு வந்ததும் தட்டாமல் நின்றார்.

“இது என்ன மெட்டீரியல்மா?”

அவள் கண் இமைக்கவில்லை. “லோக்கலா கிடைக்கிறது, சார்.”

“ட்ரீட்மென்ட்?”

“காலையில ஒரு டீ, சார்.”

“எவ்வளவு நேரம் தாங்கும்?”

அவள் பதில் சொல்வதற்குள், “சீக்கிரம் பாத்துட்டீங்கன்னா புண்ணியமாப் போவும் சார்” என்றது தூண்.

அவளுடைய சார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் சிரிக்கவில்லை. “விளையாட்டு இருக்கட்டும். என்ன நடந்தது?” என்றார்.

அவள் மறைக்கவில்லை. போனில் பேசியது, டில்லி அதைத் தப்பாகப் புரிந்துகொண்டது, விடியலில் பிரித்தது, அப்பா விற்றது எல்லாவற்றையும் சொன்னாள். டில்லி தலையைச் சொறிந்துகொண்டு கதவுக்குப் பின்னால் போனார். அங்கேயும் கதவுதான் இருந்தது.

“சார், காலையில இது எதுவும் நிக்கல. இப்ப நிக்குது. ஒரு சட்டம் உடையல. பிரிச்சுப் போட்ட கொஞ்ச நேரத்துல ஒரு தூண் இன்னொரு வீட்டுக்குப் போயிடுச்சு. பிரிச்சா வீணாகக் கூடாது, வேற வீட்டுக்குப் போகணும்னுதான் என் தீசிஸ்ல எழுதியிருக்கேன். எங்க அத்தா அதப் படிக்காமயே செஞ்சுட்டாரு.”

கடைப் பக்கமிருந்து பாய் எட்டிப் பார்த்தார். தன்னைத் திட்டுகிறாளா, புகழ்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை.

பெரியவர் என்னிடம் திரும்பினார். “அந்தத் தூணுக்கு முதல்ல ஒரு டீ குடுங்கம்மா.” அப்போதுதான் சிரித்தார்.

அவள் பாஸ். அஸ்திவாரத்தைப் பற்றி இன்னும் எழுத வேண்டும் என்றார். அவளுடைய சார் போகும்போது, “அந்த எக்ஸ்ப்ளோடட் வியூ ஷீட் திங்கட்கிழமை வேணும். தாள்ல” என்றார்.

மத்தியானம் அறையை மறுபடி பிரித்தோம். தட்டியதும் ஆப்பு வந்தது. துளை துளையாகவே இருந்தது, நாக்கு நாக்காகவே இருந்தது. யானைக்கவுனியில் ஆணி அடித்த சட்டங்களை நிறைய கழற்றியிருக்கிறேன். ஆணி வரும்போது மரத்தைக் கிழித்துக்கொண்டுதான் வரும். ஐஸ் உடைத்த இடத்திலும் லேத்துப் பட்டறையிலும் நான் அப்படித்தான் கழன்று வந்திருந்தேன். கிளம்பச் சொல்லிக் கால் மறுபடி அரிக்க ஆரம்பித்திருந்தது. இந்தத் தடவை பாயிடம் போய் நின்றேன்.

“இன்னா நைனா, தூணே கெளம்பிட்டா எப்டி?” என்றார். “செரி, போய்ட்டு வா. வந்தா எடம் கீது.”

நிலோஃபர் தாளில் நான்காவது தூணை வரைந்துகொண்டிருந்தாள். மற்ற மூன்றையும்போல அதுவும் அந்தரத்தில் தனியாக நின்றது. “மீசை வைக்கட்டுமா அண்ணா?” என்றாள்.

மறுநாள் காலை திருவொற்றியூரில் ஒரு மாடிக் கட்டட வாசலில் சென்டரிங் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கான்கிரீட் இறுகும்வரை பலகையைத் தாங்க முட்டுக் கொடுக்கிற வேலை.

“முன்ன இன்னா பண்ணிக்கினு இருந்த?” என்று கேட்டார் அங்கிருந்த மேஸ்திரி.

“தூணா நின்னேன்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “வளத்தியாத்தான் கீற. ஆனா இங்க சவுக்குக் கட்டைதான் நிக்கும். நீ அத்த நிக்க வையி, போதும்.”

முதல் கட்டையை நிமிர்த்தி, பலகைக்குக் கீழே கொடுத்து, அடியில் ஆப்பு வைத்தேன். இறுகப் பிடிக்கும்படி அடித்தேன். எடுக்க வேண்டிய நாளில் ஒரே தட்டில் வரும்படி அதன் நுனியை வெளியே நீட்டி விட்டிருந்தேன்.