கை தூக்கச் சொன்ன கனடாக்காரர்

பிள்ளைகளா, எண்பதுகளில் நான் வளைகுடாப் பக்கம் சலாலாவில் வேலை பார்த்த கட்டட சைட்டில், சூப்பர்வைசர் ஒரு கனடாக்காரர். இளவயதில் அவர் நாட்டுக் கால்பந்து ஆடியவர். பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஆளை ஆள் மோதித் தள்ளுவார்களாம். அதில் உடைந்த மூக்கு கோணலாகவே இருந்தது. பிறகு ஊரில் கவுன்சிலர் ஆனாராம். ஓட்டுக் கேட்ட பழக்கமோ என்னவோ, தினமும் காலையில் எங்கள் எல்லோருக்கும் கை கொடுப்பார்.

ஒருநாள் கிரேனின் கம்பிக்கயிறு இழை பிரிந்து கிடந்தது. அதில் தொங்கும் கூடையில்தான் நாங்கள் மேலே போக வேண்டும். எங்கள் விசாவைக் கையில் வைத்திருந்த அரபி முதலாளி கஃபீலோ, சீக்கிரம் ஏறச் சொல்லி "ஜல்தி, ஜல்தி!" என்று கத்தினார்.

கனடாக்காரர் எங்களிடம் ஏதோ கேட்டார். யாழ்ப்பாணத்து கிளார்க் தமிழில் சொன்னார்: "ஏறப் பயமெண்டால் கையைத் தூக்கட்டாம்." உடனே என் காதில் அவரே கிசுகிசுத்தார்: "கையைத் தூக்கிப்போடாதேங்கோ அண்ணை. கஃபீல் பாத்துக்கொண்டு நிக்கிறார். விசா கலாஸ், முடிஞ்சுது!"

ஒரு கையும் எழவில்லை. கனடாக்காரர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு தன் கையை உயரத் தூக்கினார்.

"தனக்குப் பயமாம்," என்றார் கிளார்க். "ஒரு ஓட்டு விழுந்திட்டுதாம், அது போதுமாம். இண்டைக்கு ஒருத்தரும் ஏற வேண்டாமாம்."

மறுநாள் புதுக்கயிறு வந்தது. கனடாக்காரர் வரவில்லை. எங்கே அனுப்பினார்கள் என்று கேட்கவும் எங்களுக்குப் பயமாக இருந்தது.