ஏழு தண்ணீர் கழுவிய பாட்டில்கள்

உலகத்தின் உச்சந்தலையில் பனி மூடிக் கிடக்கும் அந்தக் கடலை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டதும் இல்லை. ஆனால் பத்தொன்பது வருஷமாக அந்தக் கடலின் தண்ணீர் அவள் கழுவிக் கொடுத்த பாட்டிலில்தான் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு பக்கம் நீர் கலந்த அமிலத் தொட்டி, இன்னொரு பக்கம் காய்ச்சி வடித்த தண்ணீர் நிறைந்த டிரம், நடுவில் முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு அவள். அமிலத்தில் ஊறிய பாட்டிலை அலசி, கவிழ்த்து, உலர்த்தி, மூடி போட்டுக் கப்பலுக்கு அனுப்ப வேண்டும். இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் ஒருநாள் வந்து நின்று பார்த்திருக்க வேண்டும்.

சுவரில் ஒட்டியிருந்த தாள் மூன்று முறை அலசச் சொன்னது. அவள் ஏழு முறை அலசினாள். ஏன் ஏழு என்று கேட்டால், "ஆறாவதுல எனக்கு மனசு ஆறலை" என்பாள். ஸ்டோர்காரர் அவளுக்கு ஏழுதண்ணி என்று பேர் வைத்தார், அது ஒட்டிக்கொண்டது. போன வருஷம் தண்ணீரை அளவுக்கு மீறி வாரி இறைக்கிறாள் என்று கண்டனக் கடிதமும் கொடுத்தார்கள். அவள் அதை நான்காக மடித்து, ஈரம் படாத தகர டப்பாவில் பத்திரமாக வைத்தாள். கண்டனமானாலும் ஆபீஸ் கடிதம் அல்லவா.

இன்னொரு வழக்கமும் அவளுக்கு உண்டு. கழுவிய நாளைக்கு ஒரு நிறமாகப் பாட்டிலின் கழுத்தில் நூல் கட்டுவாள். திங்கள் சிவப்பு, செவ்வாய் பச்சை, இப்படி ஐந்து நாளைக்கு ஐந்து நிறம். பெட்டியில் அடுக்கும்போது ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வரிசை வைப்பாள். ஒருநாள் கை பிசகினாலும் ஒரு பெட்டி முழுக்க வீணாகிவிடக் கூடாது என்ற முன்யோசனை. மாடியில் இருந்தவர்கள் அந்த நூலைப் பார்த்துச் சிரிப்பார்கள். கப்பல்காரர்கள் சிரிப்பதோடு சரி. விரல் மரத்துப்போகும் குளிரில் முடிச்சை அவிழ்க்க யாருக்குப் பொறுமை?

இந்த வருஷம் கப்பல் திரும்பி வந்தது. மாடியில் கடல் தண்ணீரில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். கடலுக்குப் புளிப்பைத் தாங்கும் ஒரு சத்து உண்டு. எத்தனை சொட்டு தாங்குகிறது என்பதுதான் பரீட்சை. நாற்பது பாட்டில் பாதி வழியிலேயே சோர்ந்துவிட்டது. உப்பு போன வருஷத்து அளவேதான் இருந்தது. தாங்கும் சத்துதான் குறைந்திருந்தது. நாற்பதும் ஒரே மூலையில் எடுத்தவை, ஒரே பெட்டிப் பாட்டில்கள். அப்புறம் என்ன, அந்தப் பெட்டிப் பாட்டில்களில் கழுவிய அமிலம் தங்கிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள் ஏழெட்டுப் பேர் கூடி, கடலை விட்டுவிட்டு ஏழுதண்ணியைப் பிடித்தார்கள்.

ஆய்வுக்கூடத் தலைவி அவளை மேலே அழைத்தார். எல்லோரும் அவரை டாக்டரம்மா என்பார்கள். ஊசி போடும் டாக்டர் அல்ல, கடல் தண்ணீருக்கு டாக்டர்.

"உட்காருங்கம்மா. ஒண்ணும் பெரிய விஷயமில்ல."

பத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"கவனக்குறைவுல அமிலம் தங்கிடுச்சுன்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தா, அந்த நாப்பதையும் ஒதுக்கிடலாம். வேலைக்கு ஒண்ணும் வராது."

"போடலைன்னா?"

"விசாரணை வைப்பாங்க. கழுவுறதுக்கு மெஷின் வாங்கிடலாம்னு டைரக்டர் ஏற்கனவே சொல்லிட்டிருக்கார். எதுக்கு வம்பு?"

"ஏம்மா, கடல்லயே குறைஞ்சிருக்கக் கூடாதா?"

டாக்டரம்மா அன்பாகச் சிரித்தார். "அவ்வளவு பெரிய கடல் ஒரே வருஷத்துல மாறுமா?"

"நான் பத்தொன்பது வருஷமா மாறலையேம்மா."

நாளைக்குச் சொல்கிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் புருஷன் அதைப் படித்துப் பார்த்தார்.

"போட்டுக் குடுத்துட்டு வேலையைப் பாரு. நான் இதுபோல எத்தனை எழுதிக் குடுத்திருக்கேன்."

"உங்க லிஃப்ட் நிஜமாவே நடுவுல நின்னுச்சுங்க. ஆளுங்க உள்ள மாட்டிக்கிட்டாங்க. என் பாட்டில்ல அப்படி எதுவும் தங்கலை."

"வேலை போயிடுச்சுன்னா?"

"போனா என் வேலை போகட்டும். அழுக்குக்காரின்னு பேரு வாங்கிக்கிட்டு உள்ள உட்கார்ந்திருக்க என்னால ஆகாது."

மறுநாள் தகர டப்பாவை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். கையெழுத்தில்லாத தாளையும் கண்டனக் கடிதத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"போன வருஷம் ரொம்ப அலசுறேன்னு திட்டினீங்க. இந்த வருஷம் அலசவே இல்லைங்கறீங்க. எது நிஜம்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கங்க. அதுக்கு முன்னாடி அந்தப் பாட்டில்ல என்ன நூல் கட்டியிருக்குன்னு பாருங்க."

குளிர் அறைக்குப் போனார்கள். ஸ்டோர்காரர் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து வாசித்தார். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை. எல்லாம் சமமாகக் கலந்திருந்தது.

"அண்ணே, அஞ்சு நாள் கழுவினதும் இந்தப் பெட்டியில இருக்கு. இதே சிவப்பு நூல்ல வேற இடத்துக்குப் போனது எப்படி இருக்கு?"

ஸ்டோர்காரர் பக்கத்துப் பெட்டிகளில் சிவப்பு நூல் கட்டிய பாட்டில்களின் எண்ணைப் பார்த்து, அளவு குறித்த நோட்டைப் புரட்டினார். தலையைச் சொறிந்தார். "சரியாத்தான் இருக்கு."

"பச்சை?"

"அதுவும் சரிதான்."

"ஒரே தொட்டியில ஒரே நாள்ல கழுவினது, அங்க போனா சுத்தம், இங்க போனா அழுக்கா?"

டாக்டரம்மா நோட்டை வாங்கி நின்றபடியே கடைசிப் பக்கம் வரை போனார். கடலின் எதிர்க்கரையில் எடுத்த தண்ணீரில் தாங்கும் சத்து வழக்கத்தைவிடக் கூடியிருந்தது. கூடியதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் யார் கண்ணிலும் படவில்லை. குறைந்தால்தானே ஆளைத் தேடுவோம்.

"அமிலம் தங்கினா சத்து குறையத்தானே செய்யும், இங்க கூடியிருக்கே," என்று டாக்டரம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மூன்று வாரம் மாடியில் விளக்கு அணையவில்லை. கடைசியில் விஷயம் பிடிபட்டது. பெரிய நதிகள் பாறையிலிருந்து சுண்ணாம்புச் சத்தை அரித்துக்கொண்டுவந்து அந்தக் கடலில் சேர்க்கின்றன. வழக்கமாக அதை இந்த மூலைக்குக் கொண்டுவந்த நீரோட்டம் திசை மாறி எதிர்க்கரைக்குத் தள்ளிவிட்டது. காலியான இடத்தில் உருகிய பனி வந்து நிறைந்தது. நதித் தண்ணீர், பனித் தண்ணீர் இரண்டுமே உப்பைக் குறைக்கும் தண்ணீர்தான். ஆகையால் உப்பு மாறவில்லை. ஆனால் பனித் தண்ணீரில் சுண்ணாம்பு ஏது? வெறும் சப்பை.

டைரக்டர் எல்லோருக்கும் கை கொடுத்தார். மேடை போட்டுப் பேசினார். அறிக்கையில் பாட்டில்கள் சுத்தமாக இருந்தன என்று ஒரு வரி வந்தது. புருஷன் அதைத் தேடிப் படித்துக் காட்டினார்.

"உன் பேரைக் காணோமே."

"சுத்தம்னு போட்டிருக்குல்ல? அப்புறம் என்ன?"

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா முதல் தடவையாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

"அந்தத் தண்ணியில ஓடு கட்டிக்கிட்டு வாழுற சின்னச் சின்ன உயிர் எக்கச்சக்கம். சத்து இல்லேன்னா அதுங்களால ஓடு கட்ட முடியாது. அதைத் தின்னுற மீனுக்கும் கஷ்டம். நிஜமாச் சொல்றேன், உங்க கைதான் தப்புன்னு இருந்திருந்தா நிம்மதியா இருந்திருக்கும்."

அவளுக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. தன் பேர் பிழைத்த சந்தோஷத்தில் அந்த ஓட்டுப் பூச்சிகளை அவள் நினைத்திருக்கவில்லை. ஆனாலும் கடலுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று தன் கையை அழுக்காக்கிக்கொள்ள முடியுமா?

"அந்த உதவி மட்டும் என்னால முடியாதும்மா," என்றாள்.

சுவர்த் தாளை மாற்றி, ஏழு முறை அலச வேண்டும் என்று புதிதாக ஒட்டினார்கள். அடுத்த வாரம் தண்ணீர் டிரம்மைப் பார்த்த ஸ்டோர்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னக்கா, இப்ப எட்டு தடவையா?"

"ஆமாண்ணே. நீரோட்டம் மறுபடி திரும்பி, இன்னொரு மூலையில சத்து குறைஞ்சிடுச்சுன்னு வைங்க. அப்பவும் முதல்ல என் பாட்டிலைத்தான் சந்தேகப்படுவாங்க."