கோட்டைத் தாண்டிய பந்து

எங்கள் பங்குக் கோயில் அணியின் கோல்கீப்பர் ஒல்லியான ஆள்; கைகள் மட்டும் முறம் மாதிரி. பயம் வந்தால் கையுறையின் விரல் நுனியைக் கடிப்பார். மர்பி டவுனில் நடந்த இறுதி ஆட்டத்தில் அவர் பிடித்த பந்து கோட்டைத் தாண்டியதா என்று நடுவருக்கே தெரியவில்லை. கோல்கீப்பரிடமே கேட்டார்.

"தாண்டிடுச்சு சார்."

தோற்றோம். மைதானத்தின் கேட்டுக்கு வெளியே, அதுவரை எங்களுக்காகக் கத்தியவர்களே கல்லும் கையுமாக நின்றார்கள். கூட ஆடிய நான் அவரிடம் கேட்டேன்:

"யாருமே பாக்கலயே, ஏண்ணா சொன்னீங்க? இப்போ பயமா இல்லயா?"

கையுறையைக் கடித்தபடியே சொன்னார்: "ஒதறுதுப்பா. ஆனா பொய் சொல்லிட்டு, அந்தப் பாவத்தோட நாளைக்குப் பூசையில எப்படி நன்மை அப்பம் வாங்குறது? அதுக்கு இதவிட பயம்."

கேட்டைத் திறந்துகொண்டு அவர்தான் முதலில் போனார்.

மறுநாள் காலை, நெற்றியில் பிளாஸ்திரியோடு நன்மை வாங்கும் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் நின்ற இருவர் கல்லெறிந்தவர்கள். பாதர் கொடுத்த அப்பத்தை அவர்கள் பயமே இல்லாமல் நாக்கில் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்தான், தன் முறை வரும்வரை, வெறும் விரலைக் கடித்துக்கொண்டிருந்தார்.