இழுத்துப் பார்க்காத வார்

எங்கள் ராணுவப் பிரிவில் விமானத்திலிருந்து குதிக்கும் முன் ஒருவரின் பாராசூட் வாரை இன்னொருவர் இழுத்துப் பார்க்க வேண்டும். மேலதிகாரியின் வாரையும் நான் இழுத்திருக்கிறேன். அங்கே மரியாதை பார்த்தால் பிணம்தான் தரையிறங்கும்.

லீவில் சொந்த ஊரான கருணாபுரம் வந்தபோதெல்லாம் அண்ணனிடம் பாக்கெட்டில் விற்கும் கள்ளச்சாராய நெடி அடித்தது. வயதில் மூத்தவரை எப்படிக் கேட்பது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அந்தச் சாராயமே அவரைக் கொன்றது. கட்சிக்காரர்கள் மாலையோடு வந்து, விற்க விட்டது யார் என்று ஒருவரையொருவர் திட்டிவிட்டுப் போனார்கள். நானும் அவர்களைத் திட்டினேன்.

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அவுரு குடிச்சிக்கினு இருந்தது உனக்குந்தான் தெரியும் தம்பி. ஒரு வார்த்த இன்னா ஏதுன்னு கேட்டியா?”

அடுத்த முறை விமானம் ஏறியபோது பின்னால் நின்றவர் என் வாரை இழுத்துப் பார்த்துத் தோளில் தட்டினார்.

அண்ணன் தோளை நான் ஒருநாளும் தொட்டதில்லை.