ஊர் நேரத்தில் ஐம்பத்தொரு நாள்

அப்பா இறந்து ஐந்து வாரம் கழித்துக் கிரேன்காரர் வந்தார். அப்பாவோடு வெளிநாட்டில் ஒரே அறையில் பதினான்கு வருடம் இருந்தவர். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. போனில் குரல் மட்டும் கேட்டிருக்கிறேன்: அப்பா குளிக்கிறார், அப்புறம் கூப்பிடு.

அவர் சொன்னதையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

அப்பா குளிர்பதனக் கிடங்கில் கம்ப்ரஸர் ஆபரேட்டர். பன்னிரண்டு அறைகள், அவற்றைக் குளிர வைக்க நான்கு இயந்திரங்கள். மணிக்கொரு முறை அழுத்தம், எண்ணெய் மட்டம், அறைகளின் வெப்பநிலை மூன்றையும் பார்த்து லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். இருபத்திரண்டு வருடம் எழுதினார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பத்தைந்து நாள் விடுமுறை. வீட்டுக்கு வந்தால் முதல் மூன்று நாள் தூங்கி வழிவார். கடைசி மூன்று நாள் தூங்கவே மாட்டார். நடுவில் இருக்கிற நாட்கள்தான் அம்மாவுக்கும் எனக்கும்.

திரும்பிப் போன பிறகு என்ன பாடு படுவார் என்று நாங்கள் கேட்டதில்லை. எங்கள் நேரம் அங்குள்ள நேரத்துக்கு நாலரை மணி நேரம் முந்தியது. அங்கே மாலை ஐந்து மணி வெயிலில் உடம்பு இரவு ஒன்பதரை என்று சாயும். நள்ளிரவில் பளிச்சென்று விழிக்கும். காலை ஆறு மணிக்கு வேலையில் நிற்க வேண்டும்.

இதற்கு அந்த அறையில் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஆறு பேர் அறை. விடுமுறை முடிந்து வருகிறவர் முதல் வாரம் முழுக்க இரவுச் சமையல் செய்ய வேண்டும். உட்கார்ந்தால் தூங்கிவிடுவார், அடுப்பு முன்னால் நின்றால் தூங்க முடியாது. முதல் இரண்டு நாள் உப்பு தாறுமாறாக விழும். யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

“மூணாம் நாள் உப்பு சரியா விழும் பாப்பா. அப்போ ஆள் வந்து சேர்ந்துட்டார்னு அர்த்தம். அதுவரைக்கும் பெட்டிதான் வந்திருக்கும்” என்றார் கிரேன்காரர்.

அப்பா இதில் கெட்டிக்காரராம். பத்து முறை போய்த் திரும்பியதில் ஒன்பது முறை மூன்றாம் நாளே வந்து சேர்ந்துவிட்டார்.

மிச்சம் அந்த ஒரு முறை. நான் கல்லூரியில் கடைசி வருடம். முந்தைய பருவத்தில் இரண்டு பேப்பர் போயிருந்தது. பாடம் புரியாமல் இல்லை, தூக்கம். அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பேன். அந்த இரண்டையும் சேர்த்து எல்லாவற்றிலும் தேறினால்தான் கல்லூரி வழியாகக் கிடைத்திருந்த வேலை கைநழுவாமல் இருக்கும். அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா, அந்த இரண்டு மாதமும் அவளுக்கு இரவுப் பணி. வீட்டில் எழுப்ப ஆள் இல்லை. விமான நிலைய வாசலில், தள்ளுவண்டியில் கை வைத்தபடி அப்பா சொன்னார்: “நாலரைக்கு நான் கூப்பிடுறேன்.” சரி என்றேன். அது அவருக்கு எத்தனை மணி என்று யோசிக்கவில்லை.

இரவு பன்னிரண்டு.

அவர் போட்ட கணக்கை இப்போது என்னால் போட்டுப் பார்க்க முடிகிறது. நான் ஆலையில் அளவுக் கருவிகளைப் பார்க்கிற என்ஜினீயர், கணக்கு சரியாகவே இருக்கிறது. ஷிப்ட் ஆறிலிருந்து இரண்டு வரை. ஐந்து மணிக்குப் படுத்தால் பன்னிரண்டுக்கு எழலாம். ஏழு மணி நேரத் தூக்கம். எழுந்து என்னைக் கூப்பிட்டுவிட்டு, அப்படியே விழித்திருந்து ஆறு மணி வேலைக்குப் போய்விடலாம். அதாவது, ஊர் நேரத்திலேயே இருந்துவிடுவது. எல்லாரும் எதைச் சரிசெய்யப் போராடுவார்களோ அதை அவர் சரிசெய்யாமல் வைத்துக்கொள்ளப் போராடினார். கைக்கடிகாரத்தைக்கூட மாற்றவில்லை.

போய் இறங்கிய அன்றே அறையில் சொல்லிவிட்டாராம்: “இந்த வாட்டி நான் வந்து சேரப் போறதில்லை. பொண்ணு பரீட்சை முடியட்டும்.”

சமையல் முறை அவருடையது. அவர் ஐந்து மணிக்குக் குப்புறப் படுத்துவிட்டார். முதல் நாள் ஐந்து பேரும் ரொட்டி தின்றார்கள். இரண்டாம் நாள் சண்டை. அறையிலேயே இளையவர், பெயின்டர், எல்லாரும் சின்னவர் என்று கூப்பிடுகிறவர், தட்டைத் தரையில் வைத்துவிட்டு, இவர் பொண்ணு படிக்கறதுக்கு நான் ஏன் பட்டினி கிடக்கணும் என்று கேட்டிருக்கிறார். கிரேன்காரர் அந்த முறையைத் தான் எடுத்துக்கொண்டார். அப்பா விழித்திருக்கும் நள்ளிரவில் அத்தனை பாத்திரமும் தேய்த்து வைப்பது என்று பேச்சு முடிந்தது. மாலையில் விளக்கைப் போடாமல், கரண்டிச் சத்தம் கேட்காமல் சாப்பிடப் பழகினார்கள்.

ஒரு வாரம் ஓடியது. அதற்குப் பிறகு உடம்பு கேட்கவில்லை. ஐந்து மணிக்குத் தூக்கம் வர மறுத்தது. வெயில்தான் கெடுக்கிறது என்று யாரோ சொல்ல, வெல்டரிடம் கறுப்புக் கண்ணாடி இரவல் வாங்கி, வேலை முடிந்ததும் அதை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்களாம். “கண்ணு தெரியாதவர்னு நினைச்சாங்க. அண்ணனும் வேண்டாம்னு சொல்லலை, உட்கார்ந்துக்குவார்” என்று சொல்லிக் கிரேன்காரர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், ஐந்து வாரத்தில் முதல் முறையாக. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

பதினேழாம் நாள் வினை வந்தது. காலை பத்தரை மணிக்கு சூப்பர்வைசர் இயந்திர அறைக்குள் வந்து லாக் புத்தகத்தைத் திறந்தார். கடைசி வரியில் நேரம், பிற்பகல் இரண்டரை. அழுத்தம், எண்ணெய், வெப்பநிலை எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தது. இன்னும் வராத மணிக்கு.

இந்தத் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம். அளவுகளை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு ஆள் தூங்கப் போகிறான். என் வேலையில் நானே இரண்டு பேரை அப்படிப் பிடித்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் வேலை போனது. அப்பாவையும் அன்றே விமானம் ஏற்றியிருப்பார்கள்.

அப்பா ஒன்றும் வாதாடவில்லை. கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினார். அதில் மணி மூன்று. சூப்பர்வைசருக்குப் புரியவில்லை. அப்பா அவரைச் சுவரில் இருந்த பதிவுக் கருவிக்கு அழைத்துப் போனார். வட்டத் தாள் மெல்லச் சுழல, ஒரு பேனா தானாகவே வெப்பநிலையைக் கோடாக இழுத்துக்கொண்டே போகும். அதை யாரும் முன்கூட்டி எழுத முடியாது. லாக்கில் அன்று எழுதியிருந்த ஐந்து வரிகளிலும் நாலரை மணி நேரத்தைக் கழித்து, ஒவ்வொன்றையும் தாளில் விரல் வைத்துக் காட்டினார். எட்டு மணிக்கு ஒரு கதவு திறந்திருந்ததால் அரை டிகிரி ஏறி இறங்கியதுகூடப் பொருந்தியது.

சூப்பர்வைசர் வெகுநேரம் தாளையே பார்த்தாராம். பிறகு, வீட்டு நேரத்தை வீட்டில் வைத்துக்கொள் என்று சொல்லி எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். இன்னொரு தவறு நடந்தால் ஊருக்கு டிக்கெட்தான். கடிகாரம் லாக்கருக்குப் போனது.

அன்று மாலை ஐந்து பேரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து, போதும், விட்டுவிடு என்றார்கள். வேலை போனால் பரீட்சை எழுதி என்ன பயன் என்றார்கள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஐந்து அடித்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

பிறகு முப்பத்து நான்கு நாள். தூக்கம் ஏழு மணி நேரத்திலிருந்து ஐந்தானது, நாலானது. நள்ளிரவுக்கு மேல் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பாராம், உட்கார்ந்தால் போச்சு என்று. சட்டை தொளதொளத்தது. லாக்கில் ஒரு வரிகூடப் பிசகவில்லை. கடைசிப் பரீட்சை அன்று கூப்பிட்டுப் பேசிவிட்டு, போனை மூடி, கட்டிலில் விழுந்தவர் விடிந்தால் வார விடுமுறை என்பதால் பதினாறு மணி நேரம் எழவில்லை. மூச்சு வருகிறதா என்று சின்னவர்தான் மூக்கருகே கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிரேன்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். அம்மா உள்ளே எடுத்துப் போனாள்.

“அவ்வளவு பாடுபட்டு எழுப்பினாரே. நல்லா படிச்சியாம்மா?”

படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். எல்லாப் பேப்பரும் தேறியது பொய்யில்லை. ஒன்றில் மட்டும் இரண்டு மார்க்கில் தப்பினேன்.

அப்பா கூப்பிட்டதும், எழுந்து நின்னுட்டியா என்று கேட்பார். நின்னுட்டேன்பா என்பேன், படுத்தபடியே. லைட் போட்டுட்டியா? போட்டுட்டேன். சரி, படி. வைத்துவிடுவார். நான் போனைத் தலையணைக்கடியில் தள்ளிவிட்டு ஆறரை வரை தூங்குவேன். சில நாள் எழுந்தேன். முக்கால்வாசி நாள் இல்லை.

“தூங்கிட்டேன் மாமா. பாதி நாளுக்கு மேல.”

அவர் முகம் மாறியது. தேற்றுவார் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அவர் தேற்றவில்லை. கோபம்தான் வந்தது, நிஜமான கோபம்.

“அஞ்சு பேர் ஏழு வாரம் இருட்டுல சாப்பிட்டோம்.”

நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன், எழுந்தேன்.

“அவர்கிட்ட சொன்னியா?”

“இல்லை.”

“நல்ல வேளை.” முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். “வேற யார்கிட்டயும் சொல்லி வைக்காதே. சின்னவன் இன்னும் அதே ரூம்லதான் இருக்கான். லீவு முடிஞ்சு எவன் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்றான். அவன் கதையில நீ இப்போ ஏதோ கப்பலே கட்டுறியாம்.”

பிறகு தன் போனை எடுத்து எதையோ தேடினார். சின்னவருக்குப் படிக்கிற வயதில் மகள் இருக்கிறாள், அவளுக்குப் பரீட்சை வருகிறது, உன்னோடு பேசணும் என்று சொல்லியிருந்தான், மறந்தே போனேன் என்றார். நான் தயாராகும் முன்பே மணி அடித்து, அவர் இரண்டு வார்த்தை பேசி, போன் என் கைக்கு வந்துவிட்டது.

எதிர்முனைக் குரலில் அத்தனை மரியாதை. அப்பாவுக்காக வருத்தம் சொன்னார். பிறகு, நேற்றுதான் விடுமுறை முடிந்து வந்து இறங்கினாராம். அண்ணன் செய்த மாதிரியே தானும் ஊர் நேரத்தில் இருக்கப் போகிறாராம். ரூமில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்களாம்.

“தினமும் நாலரைக்கு எழுப்பப் போறேன்மா. அவளுக்கு நீங்க ஏதாவது சொல்லணும். உங்க அனுபவத்துல.”

கிரேன்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீடியோவுல கூப்பிடுங்கண்ணே” என்றேன். “குரலை மட்டும் கேட்டுட்டு வைக்காதீங்க. போனை எடுத்துட்டுப் போய் அவ முகம் கழுவணும். அதைப் பார்த்துட்டு வைங்க.”

“ஏம்மா, அப்பா அப்படியா செஞ்சார்?”

“அப்போ வீடியோ கிடையாதுண்ணே.”