பாட்டிலைத் திறந்து வைத்த சிவதாணு சார்

சிவதாணு சார் செத்துப்போனாராம். காலையில் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி. ஹார்ட் அட்டாக்.

அதற்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். "நேர்மையான கெமிஸ்ட்" என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். எனக்குக் காப்பி புரையேறிவிட்டது.

நல்ல வார்த்தை மட்டும் படிக்க விரும்புகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்...

மலையாள தேசத்தில், தம்பானூர் பக்கம் ஒரு பிரைவேட் வாட்டர் டெஸ்டிங் லேப். அவர் சீஃப் கெமிஸ்ட், நான் ஜூனியர். அவருக்குப் பூர்வீகம் நாகர்கோவில், எங்களுக்குத் திருநெல்வேலி. அதனால் என்னிடம் தமிழில்தான் பேசுவார், பாதி மலையாளம் கலந்து.

லேப் பைப்பில் வருகிற தண்ணீரை அவர் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. வீட்டிலிருந்து பெரிய எவர்சில்வர் கூஜா வரும். ஊர்க் கிணறுகளுக்கெல்லாம் "குடிக்கத் தகுந்தது" என்று சீல் குத்திய மனிதர்!

ஆனால் பாடம் எடுப்பதில் கில்லாடி. லேப் பார்க்க வருகிற ஸ்கூல் பிள்ளைகளுக்கு போர்டில் எழுதி, கையை ஆட்டி ஆட்டி விளக்குவார்.

நம் ஊர்ச் செம்மண் கிணறுகளில் பல இடத்தில் தண்ணீர் கொஞ்சம் அமிலமாக இருக்கும். மண்ணுக்குள்ளிருக்கும் கார்பன் டை ஆக்சைடு அதில் கரைந்து கிடக்கும், சோடா பாட்டில் மாதிரி. மூடியைத் திறந்து வைத்தால் வாயு வெளியேறும், அமிலம் குறையும், பி.எச். ஏறும். புத்தகத்தில் சமநிலை, சமநிலை என்று படித்தோமே, அதுதான்.

அந்த அறிவை அவர் எதற்குப் பயன்படுத்தினார் தெரியுமா?

பி.எச். ஆறரைக்குக் கீழே போனால் ரிப்போர்ட்டில் ஃபெயில். ஃபெயில் போட்டால் கஸ்டமர் அடுத்த தடவை வேறு லேபுக்குப் போய்விடுவார். அதனால் வந்த பாட்டிலையெல்லாம் திறந்து, ஃபேனுக்கு அடியில் வைத்து, நன்றாகக் கலக்கிவிட்டு, சாவகாசமாக ரீடிங் எடுப்பார்.

"கொஞ்சம் காத்து கொள்ளட்டும் மோளே. கிணறும் தொறந்துதானே கெடக்கு?" என்று ஒரு சிரிப்பு வேறு.

தெரியாமல் செய்திருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பேன். எல்லாம் தெரிந்த மனிதர். அதனால்தான் இந்த எரிச்சல்.

பேட்டையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல். சமையலுக்குப் பொன்னம்மா அக்கா, போனக்காடு எஸ்டேட்டிலிருந்து மலையிறங்கி வந்தவர். அங்கே பெண்பிள்ளைகளுக்குக் காலையில் டீ குடித்ததும் வாந்தி. தண்ணீரைப் பார்க்கச் சொல்லி எங்கள் லேபைக் கூப்பிட்டார்கள். நான்தான் போனேன்.

கிணற்றடியிலேயே மீட்டரை வைத்துப் பார்த்தேன். அஞ்சரை. வாஷ்பேசினில் நீலக் கறை.

மாடியில் சோலார் ஹீட்டர், அதிலிருந்து இறங்குவது காப்பர் பைப். கேஸ் மிச்சமாகட்டும் என்று, காலை டீக்கு அந்த வெந்நீரைத்தான் பிடிக்க வேண்டும் என்பது ஓனரம்மாவின் உத்தரவு. ராத்திரி முழுக்க அமிலத் தண்ணீர் காப்பர் பைப்பில் நின்றால் காப்பர் கரைந்து இறங்கும்; அந்த நீலக் கறை அதுதான். குடித்தால் குமட்டாமல் என்ன செய்யும்?

ஓடி வந்து சொன்னேன். "சார், கிணத்தடியில அஞ்சரைதான் காட்டுது. காப்பரும் டெஸ்ட் பண்ணணும் சார்."

"ஃபீல்ட் ரீடிங் எல்லாம் சும்மாவாக்கும். நம்ம லேப் ரீடிங் மதி, அது போதும், கேட்டியா?" நான் பிடித்து வந்த பாட்டில் அதற்குள் ஃபேனுக்கு அடியில் போயிருந்தது. ரிப்போர்ட்டில் ஏழு. பாஸ். சீல்.

தண்ணீர் நல்லதென்றால் குற்றம் யாருடையது? சமைத்தவள் கை சுத்தமில்லை என்று பொன்னம்மா அக்காவை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

நான் போய்ச் சண்டை போட்டேன். ஓனரம்மா ரிப்போர்ட்டை என் மூக்குக்கு நேரே நீட்டி, யாரை நம்பவேண்டும், உன்னையா சீஃப் கெமிஸ்டையா என்று கேட்டார்.

அடுத்து வந்த சமையல்காரி ஓனரம்மாவின் உத்தரவைக் காதில் வாங்காமல், ஹீட்டர் பக்கமே போகவில்லை. கிணற்றில் இறைத்து, கேஸில் கொதிக்க வைத்தாள். வாந்தி நின்றுவிட்டது... ஆள் மாறியதும் எல்லாம் சரியாகிவிட்டதே என்று ஊரே சொன்னது. பொன்னம்மா அக்கா மீதான பழி உறுதியாகிவிட்டது.

சாரிடம் கடைசியாகக் கேட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"வாந்தி நின்னதல்லே? பின்ன என்ன பிரஸ்னம்?"

என்ன பிரச்சினையாம்! அந்த மாதமே வேலையை விட்டேன். அவர் அதற்கப்புறமும் சீல் குத்திக்கொண்டேதான் இருந்தார். மேடைகளில் பொன்னாடையெல்லாம் போட்டார்கள்.

இன்றைக்குப் பொன்னம்மா அக்காவுக்கு போன் போட்டேன். வித்துராவில் மகன் வீட்டில் இருக்கிறார். அதன் பிறகு யாரும் அவரைச் சமையலுக்குக் கூப்பிடவில்லை. கல்லாறில் ஒரு கடையில் பாத்திரம் கழுவப் போகிறார்.

"அக்கா, சிவதாணு சார் செத்துட்டாராம்."

"அது யாரு மோளே?"

அவருக்குப் பெயர்கூடத் தெரியாது. "அந்த ஹாஸ்டல் தண்ணி நல்லதுன்னு எழுதிக் குடுத்தாரே, அவருதான்" என்றேன்.



"சாவறதுக்கு முன்ன யாருட்டயாவது சொன்னாரா, மோளே? தண்ணிதான் சரியில்ல, எம்மேல குத்தமில்லன்னு?"

"இல்லக்கா."

"நீ அன்னைக்கே சொன்ன. எனக்கு மனசிலாச்சு. ஆனா நீ சொன்னா இங்க வீட்டுல இவங்க விஸ்வசிக்கணுமே... பேரப்பிள்ளைக்குச் சோறூட்டப் போனா, மருமக இப்பவும் எங்கையிலருந்து கிண்ணத்த வாங்கி வச்சிடுதா."

போனை வைத்துவிட்டேன்.

போய்ச் சேருங்கள் சார். மாலை போட நான் வரவில்லை.