இடதுபக்கத் தீவு

அந்தப் பழைய துறைமுக நகரத்தில் சுற்றுலா வழிகாட்டிகள் ஒன்பது பேர். அதில் ‘ரேடியோ’ என்று பெயரெடுத்தவர் ஒருவர்தான். காலை ஒன்பதரைக்குப் பேருந்திலிருந்து ஆட்கள் இறங்கும்போது திறக்கிற வாயை, மாலையில் அவர்களைத் திரும்ப ஏற்றிவிட்ட பிறகுதான் மூடுவார். பெயர் வைத்தவர்கள் உடன் வேலை செய்பவர்கள். மனைவி ஒரு படி மேலே போய், “ரேடியோவையாவது அணைச்சு வைக்கலாம்” என்பாள். அவருக்கு அதிலெல்லாம் கோபமே கிடையாது. தன்னைத் தானே கிண்டலடித்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. “எனக்குத் தெரிஞ்சது ஒரு கைப்பிடி. பேசறது வண்டி வண்டியா” என்று அவரே சொல்லிவிடுவார். மற்றவர்கள் சொல்வதற்கு அப்புறம் என்ன மிச்சம் இருக்கிறது?

சுற்று எப்போதும் ஒரே வரிசைதான். முதலில் கோட்டை மதில். பிறகு பழைய சுங்கக் கட்டடம். அங்கே மூட்டைகளை எடைபோட்ட பெரிய தராசு இன்னமும் தொங்குகிறது. கூட்டத்தில் பருமனான ஆள் யாராவது இருந்தால் தட்டில் உட்காரச் சொல்லி வம்பிழுப்பார். யாரும் இல்லாவிட்டால் தானே உட்கார்ந்துகொள்வார். அடுத்தது மாலுமிகளின் கல்லறைத் தோட்டம். அங்கே மட்டும் குரலைத் தாழ்த்துவார், பேச்சைக் குறைக்கமாட்டார். கடைசியாகக் கலங்கரை விளக்கம். ஜனங்கள் வருவதே அதற்காகத்தான். நூற்று அறுபத்தெட்டுப் படி.

அந்த வாசலுக்கு வந்ததும்தான் ரேடியோ கொஞ்சம் கரகரக்கும். “நீங்க ஏறிட்டு வாங்க. எனக்கு முட்டி வலி. பையெல்லாம் இங்கயே வச்சுட்டுப் போங்க, நான் பார்த்துக்கறேன்.”

முட்டியில் ஒரு வலியும் இல்லை. மனுஷனுக்கு உயரம் ஆகாது, அவ்வளவுதான். வீட்டில் பல்பு மாற்றுவது மனைவி. ஸ்டூலைப் பிடித்துக்கொள்வது அவர். அதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் பிடிப்பார். பத்தொன்பது வருடமாக அந்த ஊரைச் சுற்றிக் காட்டியவர், அந்த ஊரின் பெயர்போன இடத்தில் ஏழாவது படியைத் தாண்டியதில்லை.

ஆனால் மேலேயிருந்து என்னென்ன தெரியும் என்று கேட்டால் வெளுத்து வாங்குவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இறங்கி வருபவர்களை வாசலிலேயே மடக்கி விசாரித்துத் தெரிந்துகொண்ட சங்கதிகள் அவை. வலதுபக்கம் மீன் ஏலக்கூடம், நேரெதிரே கப்பல் பழுது பார்க்கும் தளம், பின்னால் மணிக்கூண்டு. இடதுபக்கம்? ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மூச்சு வாங்கிக்கொண்டே, “தூரத்துல சின்னதா ஒரு தீவு மாதிரி இருந்துச்சு” என்றார். அன்றைக்கே அது ரேடியோவின் பேச்சில் ஏறிக்கொண்டது. அடுத்த வருடம் அதில் ஒரு மரம் முளைத்தது. அதற்கடுத்த வருடம், புயலில் தப்பிய மாலுமி ஒருவன் அந்த மரத்தடியில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தான்.

கூட்டம் இறங்கி வந்ததும் ஒவ்வொருவரையும் கேட்பார். “தீவு தெரிஞ்சுதா? இடதுபக்கம்?” தெரிஞ்சுது என்பார்கள். “மரம்?” அதுவும் தெரிஞ்சுது என்பார்கள். அன்றைய வேலை நன்றாக முடிந்த திருப்தியோடு பைகளை எடுத்துக் கொடுப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில், சுற்றுலா அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு அதிகாரி வந்து சேர்ந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயதுப் பெண்; சிரிப்பை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர். வந்த மாதமே ஓர் உத்தரவு. இனி வழிகாட்டிகள் கூட்டத்தோடு கலங்கரை விளக்கத்தின் உச்சி வரை ஏறியே ஆகவேண்டும். ஒவ்வொருவரும் மேலே நின்று எப்படி விளக்குகிறார்கள் என்று அவரே வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். தேறாதவர்களுக்கு வாகன நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்கும் வேலை.

ரேடியோ அந்த உத்தரவை இரண்டு தடவை படித்தார். சம்பளம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் டோக்கன் வாங்குகிறவன் காரின் கண்ணாடியை அரை அடி இறக்குவான், கையை நீட்டுவான், போய்விடுவான். அவனிடம் எந்த மாலுமியின் கதையைச் சொல்வது?

“பேசாம இருந்தா நான் செத்துருவேன்” என்றார் மனைவியிடம்.

“அப்ப ஏறுங்க.”

“ஏறினாலும் செத்துருவேன்.”

“ஏதோ ஒண்ணுல சாகத்தான் போறீங்க. எந்திரிங்க.”

மூன்று நாள் காலையில் மொட்டைமாடிப் படிக்கட்டில் பயிற்சி நடந்தது. மொத்தம் இருபத்திரண்டு படி. அவள் முன்னால் ஏறுவாள். “கீழ பார்க்காதீங்க, என் முதுகையே பாருங்க” என்பாள். மூன்றாம் நாள் மாடி வரை போய்விட்டார். நடுவில் நின்று நாலு பக்கமும் பெருமையாகப் பார்த்தார். கைப்பிடிச்சுவர்ப் பக்கம் மட்டும் போகவில்லை. அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

சோதனை நாளன்று கூட்டத்தில் ஏழு பேர். அதிகாரி கடைசியில், கையில் தாளும் அட்டையும். ரேடியோ ஒரு கோடு போட்ட சட்டைக்காரரின் முதுகைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அதன் பின்னால் ஏறினார். சட்டைக்காரர் நின்றால் நின்றார். சட்டைக்காரர் தும்மியபோது இவருக்கு உயிர் போய் வந்தது. எண்பதாவது படியில் ஒரு சின்ன ஜன்னல். அதைக் கண்ணை மூடிக்கொண்டே கடந்தார். “சார், என்ன திடீர்னு பேச்சே காணோம்?” என்று யாரோ கேட்டார்கள். “மேல வந்து மொத்தமா பேசறேன்” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்களை இறுக மூடினார். வாயைத் திறந்தார். பத்தொன்பது வருடப் பழக்கம் கைவிடவில்லை. வலதுபக்கம் ஏலக்கூடம் வந்தது, எதிரே கப்பல் தளம் வந்தது, பின்னால் மணிக்கூண்டும் வந்துவிட்டது.

“இடதுபக்கம் பாருங்க. தூரத்துல ஒரு தீவு. அதுல ஒத்தை மரம்.”

பைனாகுலர் வைத்திருந்த ஒரு அம்மா கேட்டார். “எங்க சார்? இதுல பார்த்தாலே தெரியலயே.”

“அதோ, கறுப்பா தெரியுது பாருங்க” என்றார் கோடு போட்ட சட்டை, உதவி செய்யும் நல்ல எண்ணத்தில்.

“அது நகருதே” என்றார் அந்த அம்மா.

ரேடியோ ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். ஒரு சரக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதைத் தவிர இடதுபக்கம் முழுக்கக் கடல். தீவு இல்லை, மரம் இல்லை, அந்தப் பதினோரு நாள் மாலுமிக்கு உட்கார இடமே இல்லை. அதிகாரியின் பேனா தாளின் மேல் நின்றது.

இன்றைக்குப் பனிமூட்டம் என்று சொல்லியிருக்கலாம். வேறு நாளாக இருந்தால் சொல்லியிருப்பார். ஆனால் அவருக்குக் கையை ஆட்டாமல் பொய் சொல்ல வராது. இரண்டு கையும் கம்பியில் இருந்தன, எடுத்தால் விழுந்துவிடுவார்.

“தீவெல்லாம் இல்ல மேடம்” என்றார். “எனக்கே இப்பதான் தெரியும். நான் இன்னைக்குத்தான் முதல் தடவையா மேல வரேன். முட்டி வலின்னு சொன்னதெல்லாம் பொய். எனக்கு உயரம்னா பயம்.”

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி மட்டும் பேனாவை மூடினார்.

“தெரியும்” என்றார். “பன்னண்டு வருஷத்துக்கு முன்னாடி காலேஜ்ல இருந்து நாப்பது பேர் வந்தோம். நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்க. மேல வந்து தீவைத் தேடு தேடுன்னு தேடினோம். படி இறங்கறப்பவே பேசி வச்சுக்கிட்டோம், அவர் கேட்டா தெரிஞ்சுதுன்னே சொல்லணும்னு.”

“ஏன் மேடம்?”

“எங்க பையெல்லாம் வரிசையா அடுக்கி வச்சுட்டு வாசல்லயே நின்னுட்டிருந்தீங்க. நாங்க ஏறறப்பவே ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்து, தீவைப் பார்த்துட்டு வந்து சொல்லணும்னு கேட்டுக்கிட்டீங்க. நீங்க ஏறினதே இல்லன்னு அப்பவே எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. அன்னைக்குக் காலைல முட்டி வலிக்காரர் எங்க பஸ்ஸை நிறுத்த ஓடின ஓட்டத்தை நாங்க பார்த்தோமே. ஆனா அவ்வளவு ஆசையா கேக்கறவர்கிட்ட இல்லன்னு சொல்ல யாருக்கும் வாய் வரல.”

ரேடியோவின் முகத்தில் அசடு வழிந்தது. அதைத் துடைத்துக்கொள்ளவும் கை இல்லை. நாற்பது பேர். அதற்கு முன்னும் பின்னும் வந்த எத்தனையோ ஆயிரம் பேர். தன் பேச்சில் மயங்கித்தான் எல்லோரும் தீவைப் பார்த்தார்கள் என்று இருந்துவிட்டார். அவர்களோ ஊர் பேர் தெரியாதவர்கள், இனி இந்தப் பக்கம் வரவும் மாட்டார்கள். அப்படியிருந்தும் அவர் மனம் நோகக்கூடாதென்று ஒரு மரத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட அந்த அன்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கண்ணில் நீர் வந்ததற்குக் காற்றைக் காரணம் சொல்ல நினைத்தார், சொல்லவில்லை.

“இப்ப ரெண்டு கண்ணையும் திறங்க” என்றார் அதிகாரி. “தெரியறதை மட்டும் சொல்லுங்க. நான் கையெழுத்துப் போடறது அதுக்குத்தான்.”

திறந்தார். வாயில் பாடமாக இருந்த ஊர் வேறு, கண்ணெதிரே கிடந்த ஊர் வேறு. எது எதுவென்று அவருக்குப் பிடிபடவே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

“அந்த நீளமான தகரக் கூரை என்னது?” என்று கேட்டார்.

“ஏலக்கூடம் சார்” என்றார் பைனாகுலர் அம்மா. “காலைல வர்ற வழியில நீங்கதானே காட்டினீங்க.”

“இவ்வளவு பெருசா? அது பக்கத்துல பச்சையா?”

“கல்லறைத் தோட்டம்.”

“அங்க நின்னா அவ்வளவு மரம் இருக்கறதே தெரியாது” என்றார் அவர். அங்கிருந்து மெல்ல மெல்லப் பேச்சு பிடித்துக்கொண்டது. கூரை கூரையாக, தெருத் தெருவாக, அவர் கேட்க அவர்கள் சொல்ல, அவர்கள் கேட்க இவர் சொல்ல, கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்துக் கடலைக் காட்டி, “இடதுபக்கம் வெறும் தண்ணி” என்றார். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார்கள்.

அதிகாரி தாளை அட்டையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

இறங்கும்போது அதே கோடு போட்ட சட்டைக்குப் பின்னாலேயே வந்தார். வேலை தங்கிவிட்டது. வீட்டில் போய் இதை எப்படிச் சொல்வது, எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது என்றெல்லாம் வழிநெடுகக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். தரையில் கால் வைக்க ஒரே ஒரு படி பாக்கி இருந்தபோதுதான் உறைத்தது: நாளைக்கும் ஏறவேண்டும். நாளை மறுநாளும். ஓய்வு பெறும்வரை, ஞாயிறு உட்பட.

அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.